சத்தம் போடலாம், விளக்கை மட்டும் அணைக்காதீர்கள்

வாங்க, வாங்க. செருப்பை வாசலிலேயே விடுங்கள். அருங்காட்சியகம் என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள் பாருங்கள், அது இங்கே தேவையில்லை. கத்துங்கள், பாடுங்கள், தும்முங்கள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே ஒரே ஒரு சட்டம்தான். சுவரோரம் இருக்கிற அந்த ஸ்விட்சைத் தொடக்கூடாது.

இடம், வேடசந்தூர் ஆத்துமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடை. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டில் கட்டில், கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டிதான் அருங்காட்சியகம். டிக்கெட் கிடையாது, கண்ணாடிப் பேழை கிடையாது. காவல் மட்டும் பலம்: பெட்டிமேலேயே படுத்திருக்கும் ஒரு சாம்பல் பூனை.

கடைக்காரரை நான் அண்ணே என்பேன், அவர் மனைவியை மதினி என்பேன். இரண்டு பேருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. மகளுக்குக் கேட்கும். அவள் பேசக் கற்றது கைகளால். வாய்ப்பேச்சு பிறகு அப்பத்தாவிடம் கற்றது. என்னை ‘அத்தே’ என்பாள். எனக்காகப் பேசுவதும் கேட்பதும் அவள் வேலை. நான் நச்சரிக்கிற வேகத்துக்குச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். பரோட்டா வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டினேன்.

சமாச்சாரம் இதுதான். திண்டுக்கல், வடமதுரை, எரியோடு என்று சுற்றுவட்டாரத்தில் இருக்கும் காதுகேளாதவர்கள் சிலர், தங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய சாமான்களைச் சேர்க்கிறார்கள். வயசானவர்களை உட்காரவைத்துப் படம் பிடிக்கிறார்கள். சங்கம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் எழுத்தே அபூர்வம், முழுக்க வீடியோ. என்றைக்காவது ஒரு கூடம் கிடைத்தால் வைப்பதற்குச் சரக்கு தயாராக இருக்க வேண்டும் அல்லவா? அந்தத் தயாரிப்பின் பின்கட்டுக்குள்தான் நான் மூக்கை நுழைத்தேன். உங்களையும் இழுத்துப்போகிறேன்.

பூனையை எழுப்பினோம். பெட்டியிலிருந்து முதலில் வந்தது ஒரு காது மெஷின். காதுமடலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் இந்தக் காலத்துக் குட்டி மெஷின் இல்லை. நெஞ்சில் மாட்டும் டப்பா, முறுக்கேறிய வயர், வயர் முனையில் ரிசீவர், அதில் காதுக் குழிக்கு அச்செடுத்துச் செய்த மோல்டு. பென்டார்ச் செல் போடும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறது. டப்பாவை வைக்க ஒரு துணிப்பை, தோளில் குறுக்காகப் போக இரண்டு நாடா. பை தைத்தது அப்பத்தா. பழைய சட்டைத் துணி. வலது நாடா இடதைவிட ஒரு விரல்கடை நீளம். பிற்பாடு தையல்காரராகிவிட்ட மகன் அந்த நாடாவைச் சரிசெய்யவே இல்லை.

மைக் எந்தப் பக்கம் என்று அண்ணன் காட்டினார். பிறகு சட்டையைப் பிடித்து அதன்மேல் உரசிக்காட்டி, முகத்தைக் கோணிக்கொண்டார். மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “வகுப்புல வாத்தியார் பேசுனதவிட இவரு சட்டை பேசுனதுதான் அதிகமாம் அத்தே. நாள் பூராம் கரகர கரகரன்னு.”

அப்புறம் அவளாகவே கேட்டாள். “மியூசியத்துல வச்சா இதுக்குக் கீழ என்ன எழுதுவாக? ‘செவித்துணைக் கருவி’ன்னு எழுதுவாக. அப்பத்தா நாடா அதுல வருமா?”

அடுத்து ஒரு கைக்கண்ணாடி, ரசம் போனது. இது எதற்கு என்றேன். உடனே செயல்முறை விளக்கம் ஆரம்பமாகிவிட்டது. ஒரு சீட்டுத் தாளைக் கிழித்து என் வாய்க்கு முன்னால் பிடித்தார் அண்ணன். ‘ப’ சொல்லு. தாள் துடித்தது. ‘ம’ சொல்லு. தாள் அசையவில்லை, ஆனால் என் கையை எடுத்து என் மூக்கின்மேலேயே வைத்தார், அங்கே அதிர்ந்தது. வாய்ப்பேச்சுப் பயிற்சி என்பது இதுதான். ஆசிரியர் தொண்டையில் பிள்ளையின் ஒரு கை, தன் தொண்டையில் இன்னொரு கை, எதிரே கண்ணாடி. கேட்டே இராத ஓர் ஒலியைத் தொட்டுப் பார்த்து உண்டாக்கும் வித்தை. இதில் தேறியவர்களும் உண்டு. பள்ளிக்காலம் முழுவதையும் ஒரு பத்து இருபது வார்த்தைக்காகச் செலவழித்தவர்களும் உண்டு.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் ‘பாப்பா’ என்று சொல்லுங்கள். அடுத்து ‘மாமா’. எது எது என்று உங்கள் உதடே உங்களுக்குக் காட்டிக்கொடுக்காது. இப்படியொரு மொழியில் ஒரு முழு வரலாற்றுப் பாடத்தை உதடு பார்த்தே படி என்றால் பிள்ளை என்ன செய்யும்?

ஆனாலும் உலகம் அப்படித்தான் முடிவெடுத்தது. 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காதுகேளாதோர் கல்விக்கான மாநாடு ஒன்று கூடியது. வகுப்பறையில் இனி வாய்ப்பேச்சுதான், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. வந்திருந்த 164 பிரதிநிதிகளில் காதுகேளாதவர் ஒருவர்தான், அமெரிக்காவின் ஜேம்ஸ் டெனிசன். அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்க 2010 வரை ஆனது. கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசைதான் தெரிவித்தது. 130 வருடம்! மிலானில் அடித்த அலை இங்கேயும் வந்தது. அண்ணன் படித்த பள்ளியின் பெயர் இருக்கட்டும், வகுப்பில் கை அசைந்தால் அந்தக் கைமீதே ஸ்கேல் விழுமாம்.

இதை அவர் சொல்லும்போது முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். எங்கே வருத்தம்! மனுஷன் கண் மின்ன அடுத்த கட்டத்துக்குத் தாவிவிட்டார்: ராத்திரி, ஹாஸ்டல். வார்டன் ஒரு சுற்று வந்து போனதும் ஜன்னலோரம், தெருவிளக்கு விழும் கட்டிலில் கூட்டம் கூடும். பெரிய பையன்கள் சினிமாக் கதை சொல்வார்கள். எம்.ஜி.ஆர். சண்டை என்றால் எம்.ஜி.ஆர்., நம்பியார், குதிரை, கத்தி நான்கும் ஒரே ஆள். அண்ணன் அதை அப்படியே நடித்துக் காட்டினார். குதிரை என்னைப் பார்த்துக் கனைத்தது என்று சத்தியம் செய்வேன்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. காதுகேளாத பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெற்றோருக்குக் காது கேட்கும். அதனால் தாய்ப்பாலோடு வருகிற மொழி என்று இவர்களில் பலருக்கு ஒன்று கிடையாது. இவர்களுடைய மொழியும் கிண்டலும் பட்டப்பெயர்களும் கதைகளும் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்தவை அல்ல. எட்டாவது படிக்கும் பையனிடமிருந்து இரண்டாவது படிக்கும் பையனுக்கு, ஹாஸ்டல் கட்டிலில், தடையை மீறி வந்தவை. வீட்டில் தங்காத சொத்து இது. அந்தத் தலைமுறை போனால், பேரன் பேத்தியிடம்கூட மிச்சம் இருக்காது. ஆகவே பொருள்களைவிட முதலில் ஆட்களைப் படம் பிடி என்கிறார்கள் இவர்கள். நூற்றுக்கு நூறு சரி என்பேன்.

அந்த ஹாஸ்டல் பரம்பரைக்கு நம் பக்கத்தில் வயது அதிகம். பம்பாயில் 1880-களில் பள்ளி வந்தது, கல்கத்தாவில் 1893-இல். தெற்கே பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரி அம்மையார் 1897-இல் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. யோசித்துப் பாருங்கள், அங்கே முதல் வருடம் படித்த பிள்ளையின் கையிலிருந்து எத்தனை கை மாறி, எந்தெந்தச் சைகை எந்தெந்த ஊருக்குப் போயிருக்கும்! சென்னை ராமாவரம் தோட்டத்தில் காதுகேளாத பிள்ளைகளுக்கான பள்ளி நடக்கிறதே, அது எம்.ஜி.ஆர். உயில் எழுதிவைத்துப் போன ஏற்பாடு. தையல் கடைச் சுவரில் எம்.ஜி.ஆர். படத்துக்கு ஏன் தினமும் பூ என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சரி, இப்போது படப்பிடிப்புக்கு வாருங்கள். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

ஸ்டூடியோ என்பது கடையின் முன்பகுதி. தையல் மெஷினை ஓரம் தள்ளி, சுவரில் கரும்பச்சைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஏதோ பள்ளிச் சீருடைக்கு வெட்டியதில் மிஞ்சியது. சொல்பவர் கோடு போட்ட சட்டை போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பூப்போட்ட சேலைக்கும் தடை. கையின் நிறமும் துணியின் நிறமும் ஒட்டாமல் பிரிந்து தெரிய வேண்டும், கோடுகளுக்கு நடுவில் விரல் காணாமல் போகக்கூடாது. தலைக்கு மேலே கொஞ்சம் இடம், கீழே இடுப்பு வரை, பக்கவாட்டில் முழங்கை விரிய இடம். வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும். செல்போனை நிறுத்த ஸ்டாண்டு இல்லை. நூல்கண்டு டப்பாக்கள் இருக்கின்றன.

ஒரு பெரியவர் வந்தார், வெற்றிலை வாயோடு. துப்பிவிட்டு வா என்று அனுப்பினார்கள். நான் சிரித்தேன். மகள் விளக்கினாள்: “வாய், கன்னம், புருவம் எல்லாமே பேச்சுத்தான் அத்தே. புருவத்தத் தூக்குனா கேள்வி. வாயில வெத்தலைய அதக்கிக்கிட்டு இருந்தா பாதிப் பேச்சு உள்ளயே போயிரும்.” உண்மைதான். இந்தியச் சைகைமொழியில் ஆமாமா இல்லையா என்று கேட்கும் கேள்விக்கு உயர்ந்த புருவமும் முன்னால் வரும் தலையுமே அடையாளம். ‘என்ன’, ‘யார்’ வகைக் கேள்விச் சைகை வாக்கியத்தின் கடைசியில் வரும். வினையும் நம் தமிழில் போலக் கடைசியில்தான்.

முகமே இலக்கணம் என்பதால் ஒரு சங்கடமும் உண்டு. குரல் பதிவென்றால் ஆளை மறைத்துவிடலாம். இங்கே முகத்தை மங்கலாக்கினால் வாக்கியமே கெட்டுப்போகும். பழைய குடும்பச் சண்டையையோ, படித்த பள்ளியில் பட்ட அடியையோ சொல்கிறவர் முகத்தோடுதான் சொல்லியாக வேண்டும். அதனால் ஒவ்வொரு பதிவு முடிந்ததும் அதை அவருக்கே போட்டுக்காட்டி, எல்லோரும் பார்க்கலாமா, நம் ஆட்கள் மட்டும் பார்க்கலாமா, நான் போன பிறகு பார்க்கலாமா என்று மூன்று விதமாகக் கேட்கிறார்கள். பதிலையும் சைகையிலேயே பதிந்து அதே கோப்போடு வைக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் வந்து கற்றுக்கொண்டு போகலாம்.

இதற்கெல்லாம் மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார், அமெரிக்காவில். ஜார்ஜ் வெடிட்ஸ். எட்டு வயதில் காது கேட்காமல் போனவர். மிலான் தீர்மானத்துக்குப் பிறகு பள்ளிகளில் சைகை அழிந்துகொண்டிருந்த நேரம். அப்போது புதிதாக வந்திருந்த சினிமாவைப் பார்த்து, அட, நம் மொழியைப் பிடித்துவைக்க இதைவிட வேறென்ன வேண்டும் என்று அமெரிக்கக் காதுகேளாதோர் தேசிய சங்கம் நிதி திரட்டியது. நன்றாகச் சைகை செய்யும் பெரியவர்களைத் தேடித்தேடிப் படம் பிடித்தது. 1913-இல் வெடிட்ஸே கேமரா முன்னால் நின்று சைகைமொழியைக் காப்பாற்றுங்கள் என்று உரையாற்றினார். ஊமைப்படக் காலம், ஆனால் அந்தப் படம் பார்த்தவர்களுக்கு அது பேசும்படம்! 2010-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அதற்கு இடம் கிடைத்தது. வீடியோவை மகளின் போனில் போட்டோம். அண்ணன் மூச்சுவிடாமல் பார்த்தார். அமெரிக்கச் சைகை வேறு, நம் சைகை வேறு, பாதிக்கு மேல் புரியவில்லை. கடைசியில் தீர்ப்பு சொன்னார்: சட்டை நல்ல தையல்.

டெலிபோன் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லையும் இங்கே ஒரு குட்டு குட்டிவிட்டுப் போகிறேன். அவர் அம்மாவுக்கும் காது கேளாது, மனைவிக்கும் கேளாது. அவரே வாய்ப்பேச்சுக் கட்சியின் பெரிய தலை. அவருடைய 1876-ஆம் வருடத்துக் கருவி இவர்களை நூறு வருடத்துக்கு மேல் ஒதுக்கிவைத்தது. 2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிந்ததும் அதே போன் இவர்கள் கட்சிக்கு மாறிவிட்டது. வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் பாருங்கள்; டீக்கடை பிஸ்கட் பாட்டிலில் போனைச் சாய்த்துவைத்து, ஒரு கையில் கிளாஸ், மறு கையில் பேச்சு. கடைக்காரர் பாட்டிலைத் திறக்க வந்தால் “ஒரு நிமிஷம் அண்ணே” என்று ஒரு விரல்.

மதினியின் பங்கு பெட்டிக்குள் ஒரு மூலையில் இருந்தது: மஞ்சள் நிற பாபின் ஒன்று. வேடசந்தூரைச் சுற்றி நூற்பாலைகளுக்குப் பஞ்சமா? மதினி ஒன்றில் பல வருடம் ரிங் ஃப்ரேமில், அதாவது நூல் நூற்கும் மெஷினில், சைடு (மெஷினின் ஒரு பக்கம்) பார்த்தவர். அந்த இரைச்சலில் காது கேட்பவர்களும் கேளாதவர்கள்தான். பக்கத்து சைடு பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்ல மற்றவர்கள் ஓடிப்போய்க் காதில் கத்த வேண்டும். மதினி நின்ற இடத்திலிருந்தே ஷெட்டின் அந்தக் கோடி வரை ஊர்க்கதை பேசுவார். கொஞ்ச நாளில் எல்லாப் பெண்களும் மதினியிடம் சைகை கற்றுக்கொண்டார்கள். மேஸ்திரி வருகிறார் என்பதற்கு மீசையை முறுக்குவது. அந்த மேஸ்திரிக்கு மீசையே கிடையாதாம்! அவருக்கு முன்னால் இருந்தவருக்கு இருந்ததாம். ஆள் மாறியும் சைகை மாறவில்லை. மேஸ்திரியின் மீசை மதினியின் விரலில் இன்னும் இருக்கிறது. இதைக் கண்ணாடிப் பேழைக்குள் எப்படி வைப்பீர்கள், சொல்லுங்கள்?

அந்த ஸ்விட்ச் சமாச்சாரம் மறந்தே போனேன். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நம் ஊரில் மணிக்கணக்காகக் கரண்ட் போனதே, ஞாபகம் இருக்கிறதா? நமக்குப் புழுக்கம், இவர்களுக்குப் பேச்சே கட். எதிராளியின் உள்ளங்கையில் தடவித் தடவிச் சொல்வார்களாம், டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேசுவார்களாம். அதெல்லாம் வேறு வழியில்லாமல். மதினியோ சண்டையில் தோற்கப்போகிறார் என்று தெரிந்தால் எழுந்துபோய் விளக்கை அணைத்துவிடுவார். விவாதம் முடிந்தது. அதனால்தான் வீட்டில் அந்தச் சட்டம், போட்டவர் அண்ணன்.

பெட்டியின் அடியில் காகிதங்கள். ‘நாடோடிகள்’ படத்தில் நடித்த அபிநயாவின் படம், ஏதோ வாரப் பத்திரிகையில் வெட்டியது. அவருக்கும் காது கேளாது, அதனால் அவர் இவர்கள் வீட்டுப் பெண். 2022 மே மாதத்துச் செய்தித்தாள்: பிரேசிலில் நடந்த காதுகேளாதோர் ஒலிம்பிக்கில் மதுரை ஜெர்லின் அனிகா பாட்மின்டனில் மூன்று தங்கம். அந்தப் போட்டி 1924-இலிருந்து நடக்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் ஒரு பள்ளிக்கூட குரூப் போட்டோ. அதில் ஒவ்வொருவருக்கும் பெயர்ச் சைகை சொல்லிக்கொண்டே போனார் அண்ணன்: கன்ன மச்சம், உடைந்த பல், சுருட்டை முடி, நெற்றித் தழும்பு. பள்ளிப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் பாதி அவருக்கு நினைவில்லை. மச்சமும் தழும்பும் ஒன்றுகூட மறக்கவில்லை. எனக்கும் ஒரு பெயர் வைத்தாகிவிட்டது! மூக்குக்கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே தள்ளுவது. அன்று வீட்டுக்குப் போகிற வழி முழுக்கக் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டே போனேன், என்னை நானே கூப்பிட்டுக்கொண்டு.

வெளியூர்களில் இந்த வேலை ஏற்கெனவே நடக்கிறது. நார்வேயின் டிரான்ட்ஹைமில் பழைய காதுகேளாதோர் பள்ளிக் கட்டடமே அருங்காட்சியகம். வாஷிங்டனில் 1864-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்தில் பட்டம் தரும் உரிமை பெற்ற, காதுகேளாதோருக்கான கேலடெட் பல்கலைக்கழகத்திலும் உண்டு. டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2018-இல் 3,000 சொற்களோடு வீடியோ அகராதி வெளியிட்டது, 2021-இல் அதை 10,000 ஆக்கியது. அகராதி அவசியம்தான். ஆனால் மீசையில்லாத மேஸ்திரியின் மீசை அகராதிக்குள் வராது. அதற்கு வேடசந்தூருக்குத்தான் வர வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கூடம் என்று ஒன்று கிடைக்கும்போது, பொருளுக்குக் கீழே என்ன எழுதுவது என்பதைக் காது கேட்கும் அதிகாரி ஒருவர் முடிவு செய்யக்கூடாது. அங்கே ஒரு சின்னத் திரை, அதில் அண்ணன் கை. கீழே வேண்டுமானால் நமக்காக இரண்டு வரி எழுத்து.

நான் கிளம்புகிற நேரத்தில் பெரிய ரகளை. வெற்றிலைப் பெரியவர் தன் கதையில் ஞாயிற்றுக்கிழமை என்பதற்கு ஒரு சைகை போட்டார். அண்ணன் கேமராவை நிறுத்தினார். தப்பு, எங்கள் பள்ளியில் அது வேறு. பெரியவர் எழுந்தேவிட்டார். எழுபதுகளின் கடைசியில் மதன் வசிஷ்டா (பதினொரு வயதில் செவித்திறன் போனவர், பிற்பாடு ஆராய்ச்சியாளர்) தன் கூட்டாளிகளோடு டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் சைகைகளை ஒப்பிட்டு, அடிப்படை ஒரே மொழி, சொற்களில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம் என்று சொன்னார். இதை மகள் வழியாக நான் அவர்களுக்குச் சொல்லப் பார்த்தேன். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவே இல்லை. தையல் மெஷின் மேஜையைத் தட்டுகிறார்கள், தரையை மிதிக்கிறார்கள், மதினி ஸ்விட்ச் பக்கம் நகர்கிறார்.

கடைசியில் இரண்டையும் பதிவு செய்தார்கள். கோப்புக்குப் பெயர் ‘ஞாயிறு 1’, ‘ஞாயிறு 2’. ‘ஞாயிறு 3’ என்று ஒரு காலிக் கோப்பும் திறந்துவைத்திருக்கிறாள் மகள். கரூரிலிருந்து ஒருவர் பஸ் ஏறிவிட்டாராம். அவர் பள்ளியில் அது இரண்டுமே இல்லையாம்.